கல்குவாரிக்குக் கடன் தந்த வங்கிக்குப் பொறுப்பே இல்லையா?

காட்பாடிக்காரன்:
எங்கள் ஊர்க் குவாரியில் சாயங்காலம் வெடி வைத்தால் பரணில் பாத்திரம் அதிரும். போன மாதம் நடுவீட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மாடியில் காயவைத்த வடகத்தில் நறநறவென்று கல்மாவு. நேற்று குவாரி டிப்பர் ஒன்று தெருவில் நின்றது. கதவில் 'அடமானம்' என்று எழுதி ஒரு வங்கியின் பெயர். அம்மாவின் டெபாசிட்டும் அதே வங்கியில்தான்! ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. பணம் கொடுத்தவர்களைக் கேட்க வழி உண்டா?

பாலாற்றங்கரை:
சட்டப்படி முதலில் குவாரிக்காரர்தான். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, நம்ம வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். கடன் கொடுத்தவர்களை அது தொடவில்லை.

ஆம்பூர் அக்கா:
தம்பி, முதலீட்டாளர்கள் விலகியதும் நடந்திருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தா பாக்சைட் வெட்டப் பார்த்தது. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-லேயே அந்த நிறுவனத்தை ஒதுக்கியது. இங்கிலாந்து திருச்சபை 2010-ல் பங்குகளை விற்றது. ஆனாலும் மலையைக் காத்தது, 2013-ல் 12 கிராம சபைகளும் ஒன்றுவிடாமல் 'வேண்டாம்' என்றதுதான். நீங்களும் தீர்மானம் போடுங்கள். நகலை வங்கி மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம், விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள்.

காட்பாடிக்காரன்:
சரி அக்கா. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து பேசுகிறேன். அம்மா டெபாசிட்டை எடுத்துவிடலாம் என்கிறார். கொஞ்சம் பொறு என்றேன். கணக்கு இருந்தால்தானே வாடிக்கையாளராக மேலாளர் எதிரே உட்கார்ந்து கேட்க முடியும்?