'புல்லிங் மை லெக்' என்றால் காலை வாருவதா? ஒரே வாரத்தில் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். இங்கிலீஷ் ஓரளவு படிப்பேன், எழுதுவேன். மரபுத்தொடர் வந்தால்தான் வழுக்கி விழுகிறேன். போன வாரம் கூட வேலை பார்ப்பவரிடம் விளையாட்டாக ஒரு பொய் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே 'ஆர் யூ புல்லிங் மை லெக்?' என்றார். காலை வாருகிறாயா என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, உங்களுக்கு எதிராக நான் எதுவும் செய்யவில்லை என்று பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தேன். மனிதர் முழித்தார்.

அதையாவது விடலாம். இன்னொருவருடைய தாத்தா இறந்துவிட்டார், ஆறுதல் மெயில் எழுத உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த பட்டியலில் 'கிக் த பக்கெட் = இறத்தல்' என்று இருந்தது, அதையே போட்டேன். கடைசி வரி 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. நல்லவேளை, அனுப்பும் முன் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துத் தடுத்தார். இரண்டுமே தப்பாம். ஏன் என்றால் 'அது அப்படித்தான்' என்கிறார். 'டு' வந்தால் அடுத்து வெறும் வினைச்சொல் என்றுதானே படித்தோம்?

பதில் 1:
பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார்.

'கிக் த பக்கெட்' என்றால் இறப்பதுதான், பட்டியலில் தப்பில்லை. ஆனால் தமிழில் அதற்குச் சரியான ஜோடி 'மண்டையைப் போட்டார்'. 'உங்கள் தாத்தா மண்டையைப் போட்டதற்கு வருந்துகிறேன்' என்று எழுதுவீர்களா? 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்று நாம் சொல்வதை நன்னூல் மங்கலம் என்கிறது. அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது. இங்கிலீஷில் அந்த இடத்தில் உட்காருவது 'பாஸ்ட் அவே'. பட்டியல்கள் பொருளை மட்டும் சொல்லும், அந்தத் தொடரை எந்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லாது. புதிய தொடர் எதைப் படித்தாலும் தமிழில் இதே தொனியில் எதைச் சொல்வோம் என்று தேடிப் பாருங்கள். வெறும் அர்த்தத்தை எழுதி வைத்தால் மறுபடியும் இதே கதைதான்.

'புல்லிங் மை லெக்' என்பது சும்மா கலாய்ப்பது, நம்பும்படி ஒன்றைச் சொல்லி வேடிக்கை பார்ப்பது. நம்முடைய 'காலை வாரிவிட்டான்' துரோகம். காலும் இழுப்பும் இரண்டிலும் இருப்பதால்தான் ஏமாந்தீர்கள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிற தொடர்களிடம்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

பதில் 2:
மேலே உள்ளதில் ஒரு சின்னத் திருத்தம். 'சும்மா காலை வாராதே' என்று கேலி என்ற பொருளிலும் பலர் சொல்கிறார்கள். 'வாரிவிட்டான்' என்று 'விடு' சேரும்போதுதான் பெரும்பாலும் துரோகமாகிறது.

இலக்கணத்துக்கு வருகிறேன். இங்கிலீஷில் 'டு' இரண்டு வகை. 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் இருப்பது வினையோடு ஒட்டியது, 'சந்திக்க விரும்புகிறேன்' என்பதில் வரும் 'சந்திக்க' மாதிரி. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதில் இருப்பது முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்), நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. அதற்குப் பின் பெயர்ச்சொல்தான் வர முடியும், அதனால் 'மீட்டிங்'. தமிழிலும் 'சந்திக்க எதிர்பார்த்திருக்கிறேன்' என்றால் இடிக்கிறது, 'சந்திப்பதை' என்று தொழிற்பெயராக்கி 'ஐ' உருபு சேர்த்தால்தான் சரியாக வருகிறது.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' நிற்கிறது, ஆகவே 'இங்' போடுங்கள். 'வான்ட் டு த ஹாலிடே' நிற்கவில்லை, ஆகவே வெறும் வினை. 'ஐ யூஸ்ட் டு டிரைவ்', 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' குழப்பமும் இதிலேயே தீரும்: முதலாவது முன்பெல்லாம் ஓட்டுவேன், இரண்டாவது ஓட்டிப் பழகிவிட்டது.

(துக்க மெயிலில் அந்த வரியே வேண்டாம், அது வேறு விஷயம்.)

கேட்டவர்:
சந்திக்க / சந்திப்பதை, இதை யாராவது பள்ளியிலேயே சொல்லியிருக்கலாம்! இன்னும் ஒன்று. மரபுத்தொடரைச் செயப்பாட்டு வினையாக மாற்றலாமா? 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்று?

பதில் 1:
மாற்றினால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்ததாகிவிடும். 'மண்டை அவரால் போடப்பட்டது' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் எல்லாத் தொடரும் அப்படி இல்லை. ரகசியத்தை வெளியிடுவதை 'ஸ்பில் த பீன்ஸ்' என்பார்கள். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று திருப்பினாலும் பொருள் கெடாது. இங்கே பீன்ஸ் என்பது ரகசியம், ஸ்பில் என்பது வெளியிடுவது என்று துண்டு துண்டாகப் பொருள் பிரிகிறது. வாளிக்கு அப்படித் தனிப்பொருள் எதுவும் இல்லை. ஜெஃப்ரி நன்பெர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ என்ற மொழியியலாளர்கள் மூவரும் 1994இல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் அலசுகிறது. தமிழிலும் 'குட்டை உடைத்தான்' என்பதை 'குட்டு உடைந்தது' என்று திருப்ப முடிகிறதே, குட்டுதான் அங்கே ரகசியம்.

பதில் 3:
கொட்டோ கொட்டென்று மழை பெய்வதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பட்டியலில் இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். பாடப்புத்தகம் தவிர வேறெங்கும் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

கேட்டவர்:
இருந்தது, முதல் வரியிலேயே. அடித்துவிட்டேன். மெயில் இப்போது இரண்டே வரி: 'ஐ வாஸ் சாரி டு ஹியர் தட் யுவர் கிராண்ட்ஃபாதர் பாஸ்ட் அவே. மை தாட்ஸ் ஆர் வித் யூ.' அந்த 'டு ஹியர்' சரிதானே?

பதில் 2:
சரி. 'கேட்டு வருந்தினேன்', வினையோடு ஒட்டிய 'டு'. அனுப்புங்கள்.