கீழத்தோட்டம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

செல்வம்: வேலிக்குழி 120ல 14 தான் ஆச்சு. ரெண்டடிக்குக் கீழ சுக்காம்பாறை, டிராக்டர் ஆயில் பிரஷர்ல ஓடற குழி தோண்டற ஆகர் நின்னுக்குது. ஞாயித்துக்கெழம காதுகுத்து வேற. அதோட மோட்டார் டார்க் (சுத்தற முறுக்கு) ஏத்த வழி இருக்குங்களா மச்சான்?

பாப்பாத்தி அத்தை: பந்தக்காரனுக்குச் சொல்லியாச்சா

கோபி: டிராக்டர் ஆயில் பம்ப பெருசாக்கிட்டா போதும் சித்தப்பா

சண்முகம் மாமா: ஆயில் கூட வந்தா வேகந்தான் கூடும் கோபி, டார்க் கூடாது. மோட்டார் ஒரு சுத்துக்கு எடுக்கற ஆயில் சிசிய, பிரஷர் பார்ல பெருக்கி 63ல வகுத்தா டார்க், நியூட்டன் மீட்டர்ல. இப்ப 200 சிசி, 150 பார்: 476. நின்ன எடத்துல இருந்து கெளம்பறப்ப அதுலயும் கொறையும்.

ராசு சித்தப்பா: டிராக்டர் என்னுது. பிரஷர் அளவ வெக்கற ரிலீஃப் ஸ்க்ரூவ எவனும் தொடப்படாது

செல்வம்: தொடலீங்க சித்தப்பா

ராசு சித்தப்பா: ரோட்டாவேட்டர் பிளேடும் இப்படித்தான் போச்சு

சண்முகம் மாமா: சித்தப்பா சொல்றது நாயந்தான். 150ஐ 175 ஆக்கினா ஆறுல ஒரு பங்குதான் லாபம், பம்ப் போனா செலவு யாரு? மொதல்ல 250 பார் கிளிசரின் கேஜ மோட்டாருக்குப் போற ஓஸ்ல மாட்டு. ஆகர் நின்னுக்கறப்ப 150 காட்டினா மோட்டார் முழுசும் குடுத்துருச்சு, சிசிதான் பத்தல. 110லயே நின்னா ரெண்டு ஓஸையும் மோட்டார்ல கழட்டி, ஸ்டீல் பிளக் போட்டு அடைச்சு, லீவர ரெண்டே செகண்டு புடி. 150 ஏறினா மோட்டார் உள்ளுக்குள்ள லீக். ஏறலைன்னா ரிலீஃப் வால்வுல தூசி, இல்ல பம்ப் தேஞ்சிருக்கும்.

பாப்பாத்தி அத்தை: ராத்திரி குழிக்குத் தண்ணி ஊத்தி வையுங்க. லட்டு 300 போதுமா

கோபி: 500 அத்தப்பாட்டி

சண்முகம் மாமா: 400 சிசி போட்டா அதே பிரஷர்ல டார்க் ரெட்டிப்பு. நிமிஷத்துக்கு 40 லிட்டர் ஆயிலுக்கு 200 சுத்து 100 ஆயிடும், பாறைக்கு அதுதான் நல்லது. ஆனா பெரிய சிசியில பிரஷர் அளவு கொறச்சுப் போட்டிருப்பான், மோட்டார் மேல அடிச்சிருக்கற பிளேட்டப் பாத்து வாங்கு. ஷாஃப்டும் அதுல பூட்டற சாவிக்கட்டையும் கனமா இல்லைன்னா மொதக் குழியிலயே சாவி அறுந்துரும். மோட்டார் உள்ள கசியற ஆயில் போற ட்ரெய்ன் லைன, ஆயில் திரும்பற ரிட்டர்ன் ஓஸ்ல சேக்காத, நேரா டேங்குக்கு விடு. இல்லைன்னா சீல் பிச்சுக்கும்.

செல்வம்: ரிட்டர்ன் ஓஸ் 3/8 தானுங்க

சண்முகம் மாமா: சின்னது. அரை இஞ்சாவது போடு. சுத்தறப்ப அங்க தேங்கற பிரஷர் அத்தனையும் கழிவு. ஆனா நின்னுட்டா ஓட்டமே இல்ல, அதனால நிக்கறதுக்கு அதக் காரணம் சொல்லாத. ஆகர் பல்லு எப்படி இருக்கு?

செல்வம்: மொட்டைங்க

சண்முகம் மாமா: இத மொதல்லயே சொல்றதில்லயா 🤦

பாப்பாத்தி அத்தை: மடியில வெக்கற மாமன் கிரீஸ் வாசம் போகக் குளிச்சுட்டு வரணும், சொல்லிட்டேன்

ராசு சித்தப்பா: வேலி எந்த வரப்புலன்னே பேசி முடியல. அதுக்குள்ள என்ன மோட்டாரு

ராசு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோபி: படிச்சுட்டோம் தாத்தா

செல்வம்: அப்ப 400 வாங்கறதா, பல்லு மட்டும் மாத்தறதா?

சண்முகம் மாமா: பல்லு மாத்திட்டு கேஜ் போட்டோ அனுப்பு. அப்பறம் பேசலாம்.

கோபி: [படம்] இந்தக் கேஜ் ஆகுமா மாமா

சண்முகம் மாமா: அது டயருக்குக் காத்துப் பாக்கறது. கீழ வை.