இறாலும் மீன் சாஸும் இல்லாத தொம்யாம்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

ஜெலுத்தோங், பினாங்கு

புரட்டாசி விரதம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது கோழியையோ மீனையோ இல்லை, தொம்யாம் என்கிற தாய்லாந்துப் புளிப்புக் கார சூப்பைத்தான். கடையில் ‘சைவம்’ என்று சொல்லி வாங்கினாலும் நம்பிச் சாப்பிட முடிவதில்லை. அதனால் பல வருடமாக வீட்டிலேயே வைக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

பல வீடுகளில் சைவத் தொம்யாம் குடித்துப் பார்த்திருக்கிறேன். புளிப்பு நாக்கில் ஏறும், காரம் தொண்டையில் இறங்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. இறாலை எடுத்துவிட்டோம், மீன் சாஸை எடுத்துவிட்டோம், அந்த இடத்தில் உப்பை மட்டும் போட்டோம் என்றால் வேறு எப்படி இருக்கும்? அசல் தாய் சூப்பில் இறால் தலையும் ஓடும்தான் தண்ணீருக்கே சுவை ஏற்றுகின்றன. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அந்த இறால் தொம்யாமைத்தான். அதை விட்டுவிட்டுச் செய்கிறோம் என்றால், சூப் தண்ணீருக்கு முதலில் உழைக்க வேண்டும். செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் லெங்குவாஸ் கிழங்கும் அப்புறம்தான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பசாரில் காய்கறி விற்கும் ஒரு சீன ஆன்டி. 2024-ல் புரட்டாசியும் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் அக்டோபர் முதல் பாதியில் ஒன்றாக வந்தன. தெருவெல்லாம் மஞ்சள் கொடி, சைவக் கடைகள். அவரும் விரதம். நான் காளானும் செராயும் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, “தொம்யாமா? தண்ணீருக்கு என்ன போடுவாய்?” என்று மலாயில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு பிடி தவ்கே காசார் அள்ளிப் பைக்குள் போட்டார். மஞ்சள் தலை பெரிதாக இருக்குமே, சோயா மொச்சையின் முளை, அதுதான். கூடவே, சோளத்தை உரித்து விற்றபின் மிச்சமிருந்த தண்டுகளையும் காசு வாங்காமல் கொடுத்தார். “நாற்பது நிமிடம் கொதிக்கட்டும், மூடி வைக்காதே” என்றார். அதிலிருந்து நான் வேறு மாதிரி வைப்பதில்லை.

நாலு பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். அதில் தவ்கே காசார் இரண்டு பிடி, சோளத் தண்டு இரண்டு, ஒரு துண்டு முள்ளங்கி, பாதி செங்குவாங் கிழங்கு. காய்ந்த ஷிடாக்கே காளான் ஐந்தை முதல் நாள் இரவே குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். மறுநாள் அந்த ஊறல் தண்ணீரோடு சேர்த்துக் கொட்ட வேண்டும். காய்ந்த காளானில் ஒரு வகைச் சுவைப் பொருள் இருக்கிறது, தக்காளியிலும் சோயா கிச்சாப்பிலும் இன்னொரு வகை. இரண்டும் சேரும்போது சுவை பல மடங்கு கூடும். இறால் இல்லாத குறையை நிரப்புவது இந்தக் கூட்டணிதான். முட்டைக்கோஸ் மட்டும் போடாதீர்கள், நேரம் ஆக ஆக ஒரு வாடை வரும்.

வடிகட்டியபின் சுமார் 1.2 லிட்டர் நிற்கும். அதில்தான் மூன்று செராய், இரண்டு அங்குல லெங்குவாஸ், ஆறு லீமாவ் பூருட் (காஃபிர் எலுமிச்சை) இலை. செராயின் மேல் உறை இரண்டை உரித்துவிட்டு, அடிப்பக்கம் ஒரு சாண் மட்டும் எடுத்து அம்மிக் குழவியால் ஒரு தட்டு. நசுங்க வேண்டும், நார்நாராகப் பிரியக் கூடாது. லெங்குவாஸ் என்பது நம் நாட்டு மருந்துக் கடையில் பேரரத்தை என்று காயவைத்துத் தருகிறார்களே, அதன் பச்சைக் கிழங்கு. இளசாக, தோல் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். முற்றியது என்றால் விறகுதான். அது கிடைக்கவில்லை என்று இஞ்சி போடுகிறார்கள். இஞ்சி போட்டால் இஞ்சி சூப் வரும். இல்லாத நாளில் தொம்யாமை விட்டுவிட்டு வேறு எதையாவது சமைக்கலாம் என்பது என் கட்சி.

பூருட் இலையைக் கையில் மடித்து நடு நரம்பைக் கிழித்து எறியுங்கள். கிழித்த அந்த நொடியில் விரல் நுனியில் ஏறும் வாசனை கை கழுவினாலும் போகாது. பத்து நிமிடம் சிறு தீயில் கொதித்ததும் சிப்பிக் காளான் 200 கிராம், நாலாக வெட்டிய தக்காளி இரண்டு, நசுக்கிய சிலி பாடி (சின்னக் கார மிளகாய்) ஆறு. ஐந்து நிமிடம் போதும். அடுப்பை அணைத்தபின்தான் லீமாவ் நிப்பிஸ் (பச்சை எலுமிச்சை) சாறு, மூன்று மேசைக் கரண்டி. ரசத்துக்கு எலுமிச்சை பிழிகிற அதே பக்குவம்தான், கொதியில் பிழிந்தால் கசப்புத் தட்டும், மணமும் ஓடிவிடும்.

உப்புக்கு லேசான சோயா கிச்சாப் ஒரு மேசைக் கரண்டி, தௌச்சு ஒரு தேக்கரண்டி. தௌச்சு என்பது புளிக்க வைத்த சோயா மொச்சை விழுது. மீன் சாஸில் இருக்கும் அந்தப் பழைய வாசம் ஓரளவு இதில்தான் கிடைக்கிறது.

செந்தூல், கோலாலம்பூர்

அக்கா, கடையில் நம்ப முடியவில்லை என்றீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதத்தான் வந்தேன்.

எங்கள் பக்கம் தொம்யாம் கடைகளை நடத்துகிறவர்களில் கிளந்தான்காரர்களும் தென் தாய்லாந்துக்காரர்களும் நிறைய. ஒரு கடையில் “சாயோர் சஹாஜா” என்று சொன்னேன். காய்கறி மட்டும்தான் வந்தது, உண்மை. ஆனால் கிண்ணத்தின் அடியில் செந்நிறப் பொடி மாதிரி ஏதோ தங்கியிருந்தது. கரண்டியில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் இடித்த காய்ந்த இறால், ஓட்டுத் துணுக்கு பளபளக்கிறது. அங்கே சமைக்கும் மலாய் அக்காவிடம் மரியாதையாகக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. “இறைச்சி போடவில்லை அண்ணே, விழுதில்தான் இறால் இருக்கிறது. விழுது எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான்” என்றார். அவர் கணக்கில் அது சைவம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கேட்கும் விதம்தான் மாற வேண்டும்.

இப்போது இப்படித்தான் கேட்கிறேன்: “தாக் மாஹு டாகிங், தாக் மாஹு ஊடாங், பெலாச்சான் தாக் போலே, சோஸ் ஈக்கான் பூன் தாக் போலே, சூப் ஆயாம் பூன் தாக் போலே.” இறைச்சி, இறால் வேண்டாம், இறால் விழுதான பெலாச்சான், மீன் சாஸ், கோழி சூப் எதுவும் கூடாது என்று அர்த்தம். நீளமாகத்தான் இருக்கும். ஆனால் முடியாது என்றால் நேராகவே சொல்லிவிடுவார்கள். நானும் பீஹூன் கோரெங் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) பக்கம் போய்விடுவேன், அதற்கும் இதே பாட்டைப் பாடிவிட்டு.

மிளகாய் விழுது நான் வீட்டில் செய்து வைப்பது: காய்ந்த மிளகாய் 20 (விதை நீக்கி ஊறவைத்தது), சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல். வெங்காயத்தையும் பூண்டையும் தோலோடு வெறும் சட்டியில் கருகப் புரட்டி, தோலை உரித்து, மிளகாயோடு அரைக்க வேண்டும். அரை கப் எண்ணெயில் சிறு தீயில் வதக்கி, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை விடக்கூடாது. இருபது நிமிடம் பிடிக்கும். கடைசியில் கெட்டிப் புளிக் கரைசல், குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), உப்பு, ஒரு கரண்டி தௌச்சு. கண்ணாடிப் போத்தலில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். அக்கா சொன்ன சூப்பில் இதை இரண்டு கரண்டி கலக்கினால் நிறமும் மணமும் நம் ஊர்க் கடைத் தொம்யாமை எட்டிவிடும்.

செராயும் பூருட் இலையும் சோவ் கிட் பசாரில் கட்டாகக் கிடைக்கும். இலையைக் கழுவித் துடைத்து உறைபெட்டியில் வையுங்கள், மாதக்கணக்கில் மணம் போகாது.

வங்சா மாஜூ, கோலாலம்பூர்

நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு மின்சாரப் பானை மட்டும்தான் இருக்கிறது. நாற்பது நிமிடம் சூப் தண்ணீர் கொதிக்க வைப்பது எனக்கு நடக்காது. பாக்கெட் விழுது வாங்கினால் சைவமானதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹலால் முத்திரை இருந்தால் போதுமா?

ஜெலுத்தோங், பினாங்கு

போதாது தம்பி. ஹலால் முத்திரை வேறு விஷயம், இறாலும் மீனும் ஹலால்தானே. பாக்கெட்டைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படி. ஊடாங் (இறால்), ஊடாங் கெரிங் (காய்ந்த இறால்), பெலாச்சான், சோஸ் ஈக்கான் (மீன் சாஸ்), பெராசா ஊடாங் (இறால் சுவையூட்டி), இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்துவிடு. பட்டியலின் கடைசிப் பக்கம் 631 அல்லது 635 என்ற எண் இருந்தால் அதுவும் சந்தேகம்தான். அந்தச் சுவையூட்டியை மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுப்பார்கள், மரவள்ளி மாவைப் புளிக்க வைத்தும் எடுப்பார்கள். எதிலிருந்து வந்தது என்று எண் சொல்லாது. சீனச் சைவப் பொருள் கடைகளில் தனியாகத் தொம்யாம் விழுது விற்கிறார்கள், உனக்கு அதுதான் எளிது.

மின்சாரப் பானைக்கு ஒரு குறுக்கு வழி: காய்ந்த ஷிடாக்கே ஊறல் தண்ணீர், இரண்டு தக்காளி, ஒரு கரண்டி தௌச்சு. தக்காளியை முதலில் கொஞ்சம் எண்ணெயில் குழைய வதக்கிவிடு. அப்புறம் தண்ணீர் ஊற்றினால் கால் மணியில் சூப் தயார். சுவை முக்கால்வாசி வந்துவிடும். படிக்கிற பிள்ளை, சாப்பாட்டைத் தவிர்க்காதே.

பூலாவ் தீக்குஸ், பினாங்கு

எங்கள் வீடு பர்மா சந்தில் இருக்கும் சயாமியக் கோயிலுக்குப் பக்கம். 33 மீட்டர் நீளப் படுத்த புத்தர் இருக்கிறாரே, அந்தக் கோயில்தான். சுற்றுவட்டாரத்தில் சயாமியக் குடும்பங்கள் சில இருக்கின்றன. ஏப்ரலில் அவர்களுக்குச் சொங்கிரான், நமக்குச் சித்திரைப் புத்தாண்டு, இரண்டும் ஒட்டி ஒட்டி வரும். அப்படித்தான் பக்கத்து வீட்டு ஆன்டியின் சமையலறைக்குள் போய் நிற்கும் உரிமை எனக்குக் கிடைத்தது.

அவர் லீமாவைப் பானையில் பிழிவதே இல்லை. பரிமாறும் கிண்ணத்தின் அடியில் சாறு, நசுக்கிய சிலி பாடி, உப்பு, கிள்ளிய கொத்தமல்லித் தழை எல்லாவற்றையும் முதலில் போட்டு வைக்கிறார். அப்புறம் கொதிக்கிற சூப்பை மேலே ஊற்றி ஒரு கிளறு. அந்த ஆவி முகத்தில் அடிக்கும்போது மூக்கிலிருந்து கண் வரைக்கும் திறந்துவிடும். இன்னொரு வசதி, காரம் தாங்காத மாமியாருக்கு ஒரு மிளகாய், மருமகனுக்கு எட்டு என்று கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றலாம். கொத்தமல்லியை வேரோடுதானே நமக்கு விற்கிறார்கள், அந்த வேரை நாம் வெட்டி எறிந்துவிடுகிறோம். அவர் மண் போகச் சுரண்டிக் கழுவி, தட்டிச் சூப்பில் போட்டுவிடுவார். தழையைவிட வேருக்குத்தான் ஆழமான மணம்.

விரதத்தில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். தாய்லாந்தில் ‘ஜே’ என்கிற சைவத்தில் இறைச்சி, மீன் சாஸ் மட்டுமில்லை, பாலும் முட்டையும் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. ஹாட்யாய் போனால் கவனியுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியதுபோல் ஒரு எழுத்து தெரியும். அதுதான் ‘ஜே’. அந்தக் கொடி இருந்தால் மீன் சாஸும் இருக்காது. ஆன்டி அந்த முறையில் விழுது செய்யும்போது வெங்காயத்துக்குப் பதிலாகச் செராயின் இளங்குருத்தையும் லெங்குவாஸையும் பொடியாக நறுக்கி மிளகாயோடு அரைக்கிறார். இன்னும் கொஞ்சம் புங்கா காந்தான் (இஞ்சி வகைப் பூ) மொட்டைச் சீவிச் சேர்த்துக்கொள்வார். அது பினாங்கு ஆசாம் லக்சா வாசம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

எங்கள் வீட்டில் வெள்ளையாக, பால் ஊற்றிய தொம்யாம்தான் வேண்டும் என்கிறார்கள். தேங்காய்ப் பால் ஊற்றலாமா? என்ன காய் போடுகிறீர்கள்?

பூலாவ் தீக்குஸ், பினாங்கு

பால் கலந்த தொம்யாம் தாய்லாந்திலும் உண்டு, தெளிந்ததும் உண்டு. கலக்குவது சர்க்கரை சேர்க்காத கெட்டி டின் பால், அரை கப். அடுப்பைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள், லீமாவ் கடைசியில். தேங்காய்ப் பால் ஊற்றினால் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது தொம் கா என்கிற தேங்காய்ப் பால் சூப் பக்கம் போய்விடும். அதற்கு லெங்குவாஸை இரண்டு மடங்கு போட வேண்டும்.

காய் என்றால் காளான்தான் முதல். இளஞ்சோளம், காலிஃபிளவர், ஊறவைத்துப் பொரித்த பூச்சோக் (சோயா பால் ஆடை), பொரித்த தவ்ஹூ (டோஃபு) எல்லாம் சேரும். தவ்ஹூவை இரண்டாகக் கீறிப் போட்டால் சூப்பை உறிஞ்சிக்கொள்ளும், கடிக்கும்போது சூடாக உள்ளேயிருந்து வரும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் வேண்டாம், சூப் கலங்கிப்போகும். மறுநாளுக்கு மிஞ்சினால் செராய், லெங்குவாஸ், இலை மூன்றையும் அன்றிரவே எடுத்துவிட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். காலையில் சூடாக்கி அதிலேயே பீஹூன் போட்டு, புதிதாக ஒரு லீமாவ் பிழிந்தால் பசியாறைக்கு ஆயிற்று.