பழைய காரில் கியர் பழுது: தவணையை நிறுத்தலாமா?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வங்கித் தவணையில் வாங்கிய பழைய கார், தோட்டத்துச் செம்மண் மேட்டில் ஏறும்போது கியர் நழுவி வெறுமனே உறுமுகிறது. விற்ற கடைக்காரர் கைவிரித்துவிட்டதால், தவணையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்:
வேண்டாம், ஐயா. கடன் தீரும்வரை வாகனம் வங்கிக்கே சொந்தம் என்பதால், தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கி அறிவிப்புக் கடிதம் அனுப்பி, 21 நாள் கழித்து காரை இழுத்துச் செல்ல முடியும்.

பதில்:
ஒப்பந்தத்தைப் பாருங்கள். பழைய வாகனம், தரத்துக்கு உத்தரவாதமில்லை என்ற வரியின்கீழ் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் (அதைப் படிக்க யாருக்குப் பொறுமை?), வங்கியிடம் வாதாடுவது கடினம்.

பதில்:
கடைக்காரர்மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் பட்டறையில் பழுதை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை கியர்ப்பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள்.