களப்பணியாளர்களுக்குத் தமிழில் பயிற்சி: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் வேலை செய்யும் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். 14 களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இப்போது என் தலையில்.

தலைமையகத்திலிருந்து வருவதெல்லாம் ஆங்கில ஸ்லைடுகள்தான். போன முறை ஒரு நாள் முழுக்க ஓட்டினோம், எல்லோரும் தலையாட்டினார்கள். மறுவாரம் அஞ்செட்டி மலைக் கிராமத்துக்கு எங்கள் களப்பணியாளரான ஒரு தங்கச்சியோடு போனேன். குழந்தைத் திருமணம் பற்றிய படிவம். ஒரு வீட்டு அம்மா கன்னடத்தில் பேசப் பேச, இவள் முகம் பார்க்காமல் கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா அழுததைக்கூடக் கவனிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் சொல்லிக்கொடுத்ததே படிவம் நிரப்பத்தானே!

2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50இலிருந்து 20 சதவீதமாக்கியதிலிருந்து, பயிற்சி என்றாலே கணக்குப் பிரிவு முகம் சுளிக்கிறது. அதனால் ஓட்டல் ஹால் எல்லாம் வேண்டாம், ஆபீஸ் திண்ணையே போதும்.

எனக்கு வேண்டியது இதுதான்: வீட்டு வாசலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது எப்படி, எப்போது 1098க்கு (குழந்தைகள் உதவி எண்) அழைப்பது என்று நடித்துக்காட்டிப் பழக்க ஒருவர். கன்னடமும் தெரிந்தால் ரொம்ப நல்லது. தமிழில் பயிற்சிக் கையேடு வைத்திருந்தாலும் அனுப்புங்கள். அப்புறம், புதியவர்களை மூத்த பணியாளரோடு ஜோடி சேர்த்து அனுப்பிப் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை மாதம் அப்படி விட்டீர்கள்?