ஜோனல்ஸ் டிரயல்ஸில் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடினார்கள்: யாரிடம், எப்படி எழுதுவது?

கொளத்தூர்_அம்மா எழுதியது:

மகள் எட்டாம் வகுப்பு, வடசென்னையில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. 200 மீட்டர், 600 மீட்டர் இரண்டும் ஓடுவாள். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் 17 வயதுப் பிரிவு. பத்தாவது, பதினொன்றாவது பிள்ளைகளோடு ஓட வேண்டும்.

குறுவட்டப் போட்டிக்கு (ஜோனல்ஸ்) பள்ளியில் டிரயல்ஸ் வைத்தார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் டிராக், ஐந்து லேன். வியாழக்கிழமை முதல் பேட்ச், ஐந்து பேர். வெள்ளி இரவு நல்ல மழை. சனிக்கிழமை இரண்டாவது பேட்ச், நாலு பேர். மகள் இதில், நாலாவது லேன். லேன் மாறக் கூடாது என்று சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரே கோட்டிலிருந்து ஓட விட்டார்கள். தன் பேட்சில் இரண்டாவதாக வந்தாள், 33.1 விநாடி. போட்டிக்குத் தேர்ந்தெடுத்த இரண்டு பேரும் முதல் பேட்ச்: 31.4, 31.9. 600-க்கு டிரயல்ஸே வைக்கவில்லை, அதே இரண்டு பெயரைப் போட்டுவிட்டார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளும் பி.டி. சார் மாலையில் தனியாகப் பணம் வாங்கி நடத்தும் கோச்சிங்குக்குப் போகிறவர்கள். நான் போய்க் கேட்ட பிறகு, பி.டி. பீரியடில் மகளை மட்டும் படிக்கட்டில் உட்கார வைக்கிறார்கள். நாலு பீரியட் ஆகிவிட்டது.

யாருக்கு எழுத வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? எழுதினால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

ஓடுதளம்_பெரம்பூர் எழுதியது:

மேடம், பயிற்சிக் கட்டணம், பாரபட்சம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அந்த ஒரே கோடுதான்.

200 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் என்பது ஒரு முழுச் சுற்று. வளைவில் ஒவ்வொரு வெளி லேனும் உள் லேனைவிட நீளம். முழுச் சுற்றுக்கு அந்த வித்தியாசம், லேன் அகலம் × 2 × 3.1416. டிராக் சின்னதா பெரியதா என்பது இதில் கணக்கே இல்லை. முறைப்படி லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால் ஒரு லேனுக்கு 7.67 மீட்டர். நாலாவது லேன் பிள்ளை முதல் லேன் பிள்ளையைவிட மூன்று மடங்கு, அதாவது சுமார் 23 மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறாள். இதைச் சரிக்கட்டத்தான் ஸ்டேகர்: வெளி லேன்காரரை அந்த அளவுக்கு முன்னால் நிறுத்துவது. (டிராக்கின் உள் ஓரத்தில் கர்பு, அதாவது சற்றே உயர்ந்த விளிம்பு, கட்டியிருந்தால் இரண்டாவது லேனுக்கு மட்டும் 7.04 மீட்டர் வரும். சுண்ணாம்புக் கோடு மட்டும் என்றால் எல்லா லேனுக்கும் 7.67.)

நாளைக்கே போய் லேன் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பல பள்ளிகளில் இடம் போதாமல் ஒரு மீட்டருக்குக் கோடு போடுவார்கள். அப்போது லேனுக்கு 6.28 மீட்டர்தான் வரும். டேப்போடு சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள். புறப்படும் கோடு தெரிகிற மாதிரி இன்னொன்று. அடுத்த மழையில் அந்தக் கோடு கரைந்துவிடும்.

600 இன்னும் எளிது. அது லேன் இல்லாத ஓட்டம், அந்த டிராக்கில் சரியாக மூன்று சுற்று. வளைந்த கோட்டில் ஒன்பது பேரையும் ஒன்றாக நிறுத்தி மூன்று நிமிடத்துக்குள் முடித்திருக்கலாம். பேட்சும் வேண்டாம், மழைப் பிரச்சினையும் இல்லை. அதை ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்குப் பள்ளி பதில் சொல்லத்தான் வேண்டும்.

மனுவும்_நகலும் எழுதியது:

முதலில் வீட்டில் இருக்கும் பயத்துக்குப் பதில். இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. சிறுபான்மையினர் பள்ளியாக இல்லாவிட்டால் தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். நிம்மதியாக எழுதுங்கள்.

ஆனால் நேரம் குறைவு. நுழைவுப் படிவம் அனுப்பும் கடைசித் தேதிக்குள் பள்ளி அளவிலேயே முடிந்தால்தான் இந்த வருடம் பலன் கிடைக்கும். அதனால் முதல் கடிதம் தலைமை ஆசிரியருக்கு மட்டும். வாட்ஸ்அப் வேண்டாம், டைரியிலும் எழுத வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போய், ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் பள்ளி முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“எங்கள் மகள் (பெயர், வகுப்பு, எமிஸ் எண்) சனிக்கிழமை (தேதி) நடந்த 200 மீட்டர் தேர்வு ஓட்டத்தில் நாலாவது லேனில் ஓடினாள். அனைவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டதால் அவள் ஓடிய தூரம் 200 மீட்டரைவிட (அளந்த அளவு) மீட்டர் கூடுதல். 600 மீட்டருக்குத் தேர்வு நடத்தப்படவில்லை. நுழைவுப் படிவம் அனுப்பும் முன், ஸ்டேகர் வைத்து 200 மீட்டருக்கும், அனைவரையும் சேர்த்து 600 மீட்டருக்கும் தேர்வு நடத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். குறுவட்டப் போட்டிச் சுற்றறிக்கையின் நகலையும், தேர்வு ஓட்ட நேரக் குறிப்பையும் பார்க்க அனுமதிக்க வேண்டுகிறோம்.”

இதில் இன்னொரு பிள்ளையின் பெயர் வரக் கூடாது. “பாரபட்சம்”, “பணம்” என்ற சொற்களும் வேண்டாம். அவை வந்த நிமிடமே பள்ளி தற்காப்புக்குப் போய்விடும், ஸ்டேகர் விஷயம் அடிபட்டுப் போகும்.

படிக்கட்டில் உட்கார வைப்பது வேறு விஷயம், அதற்குத் தனிக் கடிதம். அதே சட்டத்தின் பிரிவு 17, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எந்தத் தேதி, எந்தப் பீரியட், என்ன சொன்னார்கள் என்று மகளிடம் கேட்டு அவள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். இது தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

தலைமை ஆசிரியர் மூன்று வேலை நாளில் பதில் சொல்லாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) மனு. நகல் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும். உடற்கல்வி ஆய்வாளரை விட்டுவிடாதீர்கள், போட்டி சம்பந்தமான கோப்பு அவர் பக்கம்தான் இருக்கும். திங்கட்கிழமை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் மனுவும் கொடுக்கலாம், ஆனால் அதுவும் சுற்றி இதே மேசைக்குத்தான் வரும்.

தகவல் உரிமைச் சட்டம் இந்த வருடத்துக்கு உதவாது, பதிலுக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது. அடுத்த வருடத்துக்காகப் போட்டு வையுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தனியார் பள்ளியிடம் நேரடியாகக் கேட்டால் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்பார்கள். அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கையையும் பள்ளி அனுப்பிய நுழைவுப் படிவத்தையும் அலுவலகத்திடமே கேட்கலாம்.

பி.இ.டி_ஆவடி எழுதியது:

உடற்கல்வி ஆசிரியர் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ஒரே கோட்டில் நிறுத்தி லேனில் ஓட விட்டது தவறு. அதில் வாதமே இல்லை. 600-க்கு டிரயல்ஸ் வைக்காததும் தவறு. ஆனால் கோச்சிங் பிள்ளைகள் தேர்வானதை வைத்து மட்டும் எதுவும் நிரூபிக்க முடியாது. தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற பிள்ளை வேகமாக ஓடத்தான் செய்யும். வேகமாக ஓடிய வேறு பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடியவரை எடுத்திருந்தால்தான் அது குற்றச்சாட்டு. அதைக் காட்ட உங்களுக்கு ஒழுங்கான நேரக் குறிப்பு வேண்டும், இப்போது அது இல்லை.

கைக்கடிகாரக் கணக்கிலும் கவனமாக இருங்கள். ஸ்டாப்வாட்ச் ஒன்று, பிடித்தவர் ஒருவர் என்றால் 0.2, 0.3 விநாடி இங்கே அங்கே போகும். 31.4-க்கும் 31.9-க்கும் நடுவில் யார் முந்தினார் என்று சண்டை போட அது தாங்காது. 33.1-ஐக் கூடுதல் தூரத்துக்குக் கழித்து “அவள் ஓடியது 30 விநாடி” என்று கடிதத்தில் எழுதவும் கூடாது. கடைசி 20 மீட்டரில் யாருக்கும் வேகம் குறையும், வெளி லேனில் வளைவும் அவ்வளவு கடுமையாக இருக்காது. அந்தக் கணக்கு மறு தேர்வு கேட்கப் போதும், இடம் கேட்கப் போதாது. மழைக்குப் பிந்தைய தரையும் அப்படித்தான். ஈரம் படிந்த செம்மண்ணில் கால் இறுகப் பதிந்தால் சிலர் நன்றாகவே ஓடுவார்கள், சேறானால் எல்லாருக்கும் நேரம் ஏறும். இரண்டு நாள் தரையை ஒப்பிடவே முடியாது என்பதுதான் வாதம், “மழையால் என் மகள் தோற்றாள்” என்பது அல்ல.

இன்னொன்று. ஒரு பள்ளி ஒரு போட்டிக்கு எத்தனை பேரை அனுப்பலாம், ஒரு பிள்ளை எத்தனை தனிப் போட்டியில் இறங்கலாம், வயதுக்குரிய பிறந்த தேதி வரம்பு என்ன என்பதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பேசப் போங்கள். ரிலேக்கு நாலு பேரும் மாற்று ஆட்களும் வேண்டும். தனிப் போட்டியில் இடமில்லாவிட்டால் ரிலேயில் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான்.

கொளத்தூர்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று அளந்தேன், லேன் அகலம் 1.10 மீட்டர். கடிதம் கொடுத்து முத்திரை வாங்கியாகிவிட்டது. படிக்கட்டு விஷயத்துக்கும் தனிக் கடிதம் கொடுத்தேன், ஹெச்.எம். அதைப் படித்துவிட்டு பி.டி. சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். நுழைவுப் படிவம் இன்னும் போகவில்லையாம், வரும் சனிக்கிழமை மறு தேர்வு வைக்கலாம் என்கிறார். எப்படி வைத்தால் சரியாக இருக்கும் என்று நம்மிடமே கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

கோச்சிங் பற்றி இப்போது எழுதலாமா?

மனுவும்_நகலும் எழுதியது:

மறு தேர்வு முடியட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 28, ஆசிரியர் தனிப் பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. ஆனால் அதற்குப் பணம் கொடுத்த பெற்றோர் ஒருவராவது எழுதித் தர வேண்டும், அல்லது பணம் அனுப்பிய பதிவு வேண்டும். கேள்விப்பட்டதை வைத்து எழுதாதீர்கள். எழுதுவதானால் கரஸ்பாண்டென்ட்டுக்கு எழுதுங்கள், தேர்வுக் கடிதத்தோடு சேர்க்காமல்.

ஓடுதளம்_பெரம்பூர் எழுதியது:

1.10 என்றால் லேனுக்கு 6.91 மீட்டர். நாலாவது லேனில் 20.7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறாள்.

மறு தேர்வுக்கு மூன்று மூன்று பேராக மூன்று ஹீட்ஸ் (முதற்கட்ட ஓட்டம்), முதல் மூன்று லேன் மட்டும். இரண்டாவது லேனுக்கு 6.91 மீட்டர், மூன்றாவதுக்கு 13.82 மீட்டர் முன்னால் கோடு. இதை அந்தந்த லேனின் உள் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே, வளைவோடு சேர்த்து அளக்க வேண்டும். டேப்பை நேராக இழுத்தால் குறைவாகக் காட்டும், அதனால் ஒரு மீட்டர் ஒரு மீட்டராக வைத்து அளங்கள். லேன் சீட்டுப் போட்டு எடுக்கட்டும். ஹீட்ஸ் மூன்றும் ஒரே காலையில், அடுத்தடுத்து நடக்கட்டும். நேரத்தை வைத்து முதல் மூன்று பேரை எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, இறுதி ஓட்டம். தேர்வு அந்த இறுதி ஓட்டத்தில் வந்த வரிசைப்படி. அப்போது கடைசித் தேர்வில் 0.2 விநாடிச் சண்டைக்கு இடமே இருக்காது.

ஹீட்ஸில் ஒரு பிள்ளைக்கு மூன்று ஸ்டாப்வாட்ச், நடுவில் வரும் நேரம்தான் கணக்கு. கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுத வேண்டும்: 30.11 வந்தால் 30.2. மூன்று வாட்ச் இல்லையென்றால் இரண்டு போதும். இரண்டும் வேறுபட்டால் மெதுவான நேரத்தை எடுப்பார்கள். இந்த டிராக்கில் புறப்படுவதும் முடிவதும் ஏறத்தாழ ஒரே இடம், அதனால் விசில் போதும். 100 மீட்டர் நேர் ஓட்டமாக இருந்தால் மறுமுனையில் நிற்பவருக்கு விசில் சத்தம் 0.3 விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். அங்கே கிளாப்பரின் (தட்டி ஒலியெழுப்பும் இரட்டைப் பலகை) அசைவைப் பார்த்து அழுத்த வேண்டும்.

600-ஐ அதே நாளில் 200-க்குப் பிறகு வைத்தால் இரண்டும் ஓடுகிற பிள்ளைகளுக்குக் கால் கனக்கும். திங்கட்கிழமைக்குத் தள்ளச் சொல்லுங்கள். நேரக் குறிப்புத் தாளில் ஹீட், லேன், நேரம், வாட்ச் பிடித்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். வேறு பாட ஆசிரியர் ஒருவர் ஒரு வாட்ச் பிடித்தால் இன்னும் நல்லது.

மறு தேர்விலும் இடம் கிடைக்கவில்லை என்றால் பள்ளியோடு கதவு அடைந்துவிடவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளியிலிருந்து படிப்புச் சான்று மட்டும் வாங்கி வையுங்கள். மாவட்ட தடகளச் சங்கப் போட்டிக்குக் கிளப் மூலமாகப் போகலாம். அங்கெல்லாம் 400 மீட்டர் டிராக், 200 வளைவில் தொடங்கி நேரில் முடியும், ஸ்டேகரும் பாதிதான். முழுச் சுற்று ஓடிப் பழகிய பிள்ளைக்கு அந்த நீண்ட நேர்கோடு புதிதாக இருக்கும். ஒரு நாளாவது பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் மாதிரி முழு டிராக் இருக்கும் இடத்தில் ஓடிப் பார்க்கட்டும்.

பி.இ.டி_ஆவடி எழுதியது:

ஓடுதளம் சொன்னது சரியான முறை. சேர்க்க ஒன்றுதான். வெள்ளி மாலையே அளந்து, ஸ்டேகர் புள்ளி ஒவ்வொன்றிலும் டிராக்கின் வெளி ஓரத்தில் ஒரு முளை அடித்து வைக்கச் சொல்லுங்கள், ஓடுகிற வழியில் அடிக்கக் கூடாது. இரவு மழை வந்து சுண்ணாம்பு கரைந்தாலும் காலையில் முளையை வைத்து ஐந்து நிமிடத்தில் கோடு போட்டுவிடலாம், யாரும் கண்ணளவில் போட வேண்டியிருக்காது.