அவரவர் வேகத்தில் ஆன்லைன் டிகிரி: ஆறு மாசத்தில் பாதிப் படிப்பை முடித்தால் அது படிப்பா?

டாலஸ்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என் மனைவி ஊர்ல பி.எஸ்சி. கணிதம் முடிச்சவங்க, மூணு வருஷப் படிப்பு. இங்க பல இடத்துல அதை முழு பேச்சலர்ஸா எடுத்துக்க மாட்டேங்கறாங்க. என் வேலை விசாவை ஒட்டின எச்4 துணைவர் விசாவுல இருக்காங்க, போன மாசம்தான் வேலை அனுமதி அட்டை வந்துச்சு. டபிள்யூஜியுனு சொல்ற வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டியில ஐடி பேச்சலர்ஸ் சேரலாமான்னு பார்க்கறோம். ஆறு மாசத்துக்கு ஒரே கட்டணம், சுமார் 4,000 டாலர். அதுக்குள்ள நாலு பாடம் முடிச்சாலும் பதினாலு முடிச்சாலும் அதே காசு. வகுப்பு நேரம் கிடையாது, தெரியும்னு காட்டினா பாஸ். ஆபீஸ்ல ஒருத்தர் "காசு கொடுத்து வாங்கற பேப்பர்"ங்கறார். மாமனார் போன்ல "வாத்தியாரே இல்லாத காலேஜா மாப்ளே?"ன்னு கேக்கறார். உங்க கருத்து?

சாக்பீஸ்:
உங்கள் மாமனார் கட்சி நான். பன்னிரண்டு வருஷமாக ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் 16/64-ஐச் சுருக்கினான். மேலே இருக்கும் 6-ஐயும் கீழே இருக்கும் 6-ஐயும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதினான். விடை சரி! நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றதால்தான் அவன் செய்தது தெரிந்தது. நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் ஆன்லைன் பரீட்சை அவனுக்கு முழு மார்க் கொடுத்து அனுப்பியிருக்கும். தெரிந்ததை நிரூபித்தால் போதும் என்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று யார் பார்ப்பது?

இரவுப்பறவை:
சார், நான் அங்கதான் முடிச்சேன். பகல்ல கிடங்கு வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல படிப்பு. முதல்ல ஒண்ணு தெளிவாகட்டும், இது நேத்து முளைச்ச கடை இல்ல. 1997-ல 19 அமெரிக்க ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கினது. தலைமையகம் யூட்டா மாநிலத்துல. லாபநோக்கமில்லாத நிறுவனம், முறையான அங்கீகாரம் உண்டு.

ரெண்டாவது, எல்லாமே டிக் அடிக்கிற பரீட்சை இல்ல. பாதிப் பாடம் செய்து காட்டற வேலை. ஒரு நெட்வொர்க் வடிவமைப்பு அறிக்கை எழுதினேன், பதினெட்டுப் பக்கம். "ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தாய் என்ற காரணம் போதவில்லை"ன்னு ஒரே ஒரு கட்டத்துக்காகத் திருப்பி அனுப்பினாங்க. திருத்தினவர் யாருன்னு எனக்குத் தெரியாது, என்னையும் அவருக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்கறவர் வேற, மதிப்பிடறவர் வேற. ஐடி படிப்புகள்ல காம்ப்டியாங்கற ஐடி துறை அமைப்போட சான்றிதழ் தேர்வுகளே பாடத்தோட பரீட்சையா வருது, அதை நடத்தறது வெளி ஆள். நம்ம ஊர் இன்டர்னல் மார்க் கதையை நினைச்சுப் பாருங்க.

இப்ப நான் கேக்கறேன். காலேஜ்ல ஒரு பாடத்துக்கு மூணு கிரெடிட்டுங்கறாங்களே, அது எதோட அளவு? 1905-ல எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி பேராசிரியர்கள் பென்ஷனுக்குன்னு 1 கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பென்ஷன்ல சேரணும்னா காலேஜ்கள் மாணவர்களைச் சேர்க்கும்போது இத்தனை 'யூனிட்' பள்ளிப்படிப்பு கேக்கணும், ஒரு யூனிட்னா 120 மணி நேர வகுப்புன்னு கணக்கு வச்சாங்க. கிரெடிட் கணக்கெல்லாம் அந்த வழியில வந்ததுதான். வாத்தியார் பென்ஷனுக்குப் போட்ட அளவுகோல் சார், பையன் மூளைக்குப் போட்டது இல்ல.

சாக்பீஸ்:
ரசித்துப் படித்தேன், கதையும் உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பணத்தில் உருவான அதே கார்னெகி அமைப்பு இந்த அளவை மாற்றலாமா என்று ஆராய்ந்து 2015-ல் அறிக்கை கொடுத்தது. குறை நிறைய உண்டு, ஆனாலும் ஒரு மாணவனுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் ஆசிரியர் கிடைப்பார் என்ற உத்தரவாதம் அதில் இருக்கிறது, தூக்கி எறிவதற்கு இல்லை என்கிற ரீதியில்தான் முடித்தார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லவில்லை. 2017-ல் அமெரிக்கக் கல்வித் துறையின் தணிக்கை அலுவலகம், இங்கே ஆசிரியர்-மாணவர் தொடர்பு சட்டம் கேட்கும் அளவுக்கு இல்லை, பல பாடங்கள் தபால்வழிக் கல்வி மாதிரிதான் என்று சொல்லி, மாணவர்களுக்கான மத்திய அரசு உதவிப் பணத்தில் 71.3 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்கப் பரிந்துரைத்தது. ஆபீஸ் நண்பரின் வம்பு அல்ல இது, அரசாங்கக் காகிதம்.

இரவுப்பறவை:
நீங்களும் பாதியிலதான் நிறுத்தறீங்க. 2019 ஜனவரியில கல்வித் துறையே ஒரு காசும் திருப்ப வேண்டாம்னு முடிச்சு வச்சுது. விதியே குழப்பமா இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க.

சாக்பீஸ்:
விதி குழப்பம் என்றால் தொடர்பு இருந்தது என்று அர்த்தமா?

இரவுப்பறவை:
எனக்கு இருந்துச்சு. மென்ட்டர்னு எனக்கு ஒரு வழிகாட்டி, வாரா வாரம் போன் பண்ணுவார். பத்து நிமிஷம்தான், ஆனா என் பேர் தெரியும், எந்தப் பாடத்துல மாட்டிக்கிட்டிருக்கேன்னு தெரியும். முன்னாடி ஒரு காலேஜ்ல முந்நூறு பேர் வகுப்புல கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். அங்க என் தோளுக்குப் பின்னாடி யாரும் வந்து நின்னதில்ல.

இரண்டு_பிள்ளைக்காரி:
ஆம்பளைங்க ரெண்டு பேரும் 1905-லயே நில்லுங்க, நான் இந்த வருஷத்துக்கு வரேன்.

இதே மாதிரி இன்னொரு இடத்துல படிச்சேன், பேர் வேண்டாம். "உங்கள் நேரத்தில் படியுங்கள்"னு போட்டிருந்துச்சு. எனக்குன்னு நேரம் எங்க இருக்கு? திங்கள் மாலை ஆறு மணிக்கு வகுப்புன்னா வீட்ல எல்லாரும் மதிப்பாங்க, "அம்மாவுக்கு கிளாஸ்"னு பையன் கூட நகர்ந்துடுவான். எப்ப வேணா படிக்கலாம்னா, எப்ப வேணா தள்ளிப் போடலாம்னுதான் வீட்ல அர்த்தம். முதல் ஆறு மாசத்துல ரெண்டே பாடம். வேகமா முடிக்கறவனுக்கு மலிவு, நின்னு நின்னு போறவளுக்கு ஒரு பாடம் 2,000 டாலர்.

பரீட்சை கூத்தைக் கேளுங்க. ராத்திரி பதினொண்ணு, ஆன்லைன்ல கண்காணிக்கறவருக்குக் கேமராவைச் சுத்திக் காட்டி, மேஜை மேல இருந்த தண்ணி பாட்டிலோட லேபிளைக் கூடக் கிழிச்சு வச்சாச்சு. பதினேழாவது கேள்வியில சின்னவ கதவைத் தட்டி "அம்மா மூச்சா"ங்கறா. எழுந்தா பரீட்சை போச்சு. எழுந்தேன், போச்சு. அடுத்த மாசம் மறுபடி எழுதினேன்.

டாலஸ்_வாசி, உங்ககிட்ட ஒரே கேள்வி. அவங்க படிக்கற நேரம் எதுன்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியாச்சா? அந்த நேரத்துல சமையல் யாரு?

டாலஸ்_வாசி:
அக்கா, இன்னும் யோசிக்கல.

இரண்டு_பிள்ளைக்காரி:
அதான் கேட்டேன்.

இரவுப்பறவை:
அக்கா சொல்றது நியாயம். கல்யாணம் ஆகாத எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. டாலஸ் அண்ணா, ரெண்டு நடைமுறை விஷயம். எச்4-க்கு மத்திய அரசு கல்வி உதவி, கடன் எதுவும் கிடையாது, கைக்காசுதான். அதனால சேர்றதுக்கு முன்னாடியே சோஃபியா மாதிரி மாதச்சந்தா தளங்கள்ல பொதுப் பாடங்களை முடிச்சு அந்த கிரெடிட்டை இங்க மாத்திக்கலாம், செலவு நல்லாக் குறையும். இன்னொண்ணு, முழு ஆன்லைன் படிப்பை வச்சு எஃப்1 விசா வாங்க முடியாது. நாளைக்கு உங்க எச்1பி வேலை விசாவுக்கு ஏதாவது ஆனா, அவங்க தனியா மாணவர் விசாவுக்கு மாற இந்தப் படிப்பு கைகொடுக்காது. அந்தக் கவலை இருந்தா சார் வேலை செய்யற மாதிரி நேர்ல வகுப்பு நடக்கற இடம்தான் சரி.

சாக்பீஸ்:
இதை நீங்களே சொன்னதற்கு நன்றி. மேலே படிக்க நினைத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே கிரேடு கிடையாது, பாஸ் என்றால் பி கிரேடு, ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண்ணில் நாலுக்கு 3.0 என்றுதான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எவ்வளவு பிரமாதமாகச் செய்தாலும் அதே 3.0. சில மாஸ்டர்ஸ் சேர்க்கையில் இது இடிக்கும்.

இரவுப்பறவை:
இடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு வேலை கொடுத்தவர் ஜிபிஏ கேக்கல சார்.

டாலஸ்_வாசி:
இது அவர் இல்லைங்க, நான் அவங்க வீட்டுக்காரி. அவர் பேர்லயே எழுதறேன். எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து படிச்சேன்.

சாக்பீஸ் சார், உங்க 16/64-ஐப் பார்த்ததும் தூக்கம் போச்சு. இலக்கங்களை வச்சு ஒரு சமன்பாடு எழுதி, ஒரு பில் தாளோட பின்பக்கத்துலயே போட்டுப் பார்த்தேன். ஈரிலக்கத்துல, ஒண்ணை விடச் சின்ன பின்னத்துல, அந்தப் பையன் முறை பலிக்கறது நாலே நாலு இடத்துலதான்: 16/64, 19/95, 26/65, 49/98. பூஜ்யத்தை அடிக்கறதையும் 11/11 மாதிரியானதையும் சேர்க்கல. எட்டு வருஷத்துக்கு அப்புறம் பேனா எடுத்தேன், மணி ரெண்டரை ஆயிடுச்சு. அந்தப் பையனுக்கு 17/74 கொடுத்துப் பாருங்க, 1/4 வராது.

அக்கா, ஃப்ரிட்ஜ்ல இன்னைக்குக் காலையில ஒட்டியாச்சு. செவ்வாய், வியாழன் ஏழுல இருந்து ஒன்பது. அன்னைக்கு அவர் சமையல். முதல்ல ஒரு மாசம் சோஃபியாவுல ரெண்டு பாடம் எடுத்துப் பார்க்கறேன், முடிஞ்சா சேர்றேன்.

சாக்பீஸ்:
நாலும் சரி. அந்தச் சமன்பாட்டை இங்கே போடுங்களேன் அம்மா, எப்படிப் போட்டீர்கள் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு_பிள்ளைக்காரி:
செவ்வாய்க்கிழமை என்ன குழம்புன்னும் போடுங்க.